மூன்று தளத்துக்கும் ஒரே சோலார்: வெந்நீரைத் தளம் வாரியாகப் பிரிப்பது எப்படி?

லாஸ்பேட்டை கயல்

வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீடு. தரைத்தளத்தில் அப்பாவும் அம்மாவும், முதல் மாடியில் நாங்கள், இரண்டாம் மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். மொட்டை மாடியில் கண்ணாடிக் குழாய் வகை சோலார் ஹீட்டர், 300 லிட்டர். வெயில் இல்லாத நாளுக்காக அதன் தொட்டிக்குள் தண்ணீரைச் சூடாக்கும் 3 கிலோவாட் மின்சார எலிமென்ட் ஒன்று இருக்கிறது. அந்த மின்சாரம் பொது மீட்டரில் ஏறுகிறது. ஒவ்வொரு தளத்துக் குளியலறையிலும் 15 லிட்டர் கீசரும் உண்டு. ஆனால் சோலார் போட்டபோது கீசர்களின் குழாய் இணைப்பை எடுத்துவிட்டார்கள். மூன்றும் சுவரில் சும்மா தொங்குகின்றன.

ஐப்பசி பிறந்தால் வீட்டில் சச்சரவும் பிறந்துவிடுகிறது. அப்பாவுக்கு மூட்டு வலி, வெந்நீர் இல்லாமல் முடியாது. தரைத்தளத்துக்கு வெந்நீர் இறங்கி வருவதற்குள் அரை வாளிக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்ட வேண்டியிருக்கிறது. மாடியில் குடியிருப்பவர்கள் விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் குளித்து முடித்ததும் தொட்டி வெதுவெதுப்பாகிவிடுகிறது. யாரோ எலிமென்ட் சுவிட்சைப் போடுகிறார்கள், அணைக்க ஆளில்லை. மாதக் கட்டணம் வரும்போது யார் எவ்வளவு கொடுப்பது என்று பேச்சு நீள்கிறது.

லண்டனில் என் உறவினர் வீட்டில் மாடிக்கு ஒரு கட்டுப்பாடு, கீழ்த்தளத்துக்கு ஒன்று, வெந்நீருக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அதே முறையில் தளத்துக்கு ஒரு மோட்டார் வால்வும் (மின்சாரத்தில் தானாகத் திறந்து மூடுவது) டைமரும் வைக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

வில்லியனூர் மின்பணி

செய்யலாம் அம்மா. தளத்துக்கு ஒரு குழாய், அதில் ஒரு மோட்டார் வால்வு, ஒரு டைமர். விடியற்காலை 5 முதல் 6 வரை மாடிக்கு, 6 முதல் 7 வரை உங்களுக்கு, அதன் பிறகு பெரியவர்களுக்கு என்று நேரம் குறித்துவிடலாம். 230 வோல்ட்டில் இயங்கும் வால்வுகள் சந்தையில் கிடைக்கின்றன.

ஓ.டி. மாறன்

நான் கடலூர் முதுநகர்க்காரன். இப்போது லண்டனில் இருக்கிறேன். உங்கள் உறவினர் வீட்டில் உள்ள அமைப்புதான் என் வீட்டிலும் இருக்கிறது. ஒரே தெர்மோஸ்டாட்டோடு (வெப்பநிலையைப் பார்த்துச் சூட்டைத் தொடக்கி நிறுத்தும் கருவி) இருந்த பழைய அமைப்பை மாற்றி மூன்று மண்டலமாகப் பிரித்தோம். அது ஏன் இங்கே பொருந்துகிறது, உங்கள் வீட்டுக்கு ஏன் பொருந்தாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தவறான இடத்தில் பணத்தைப் போட்டுவிடக் கூடாது என்ற அக்கறைதான்.

இங்கே பாய்லரில் சூடாகும் தண்ணீர் குழாயைத் திறந்தால் வருவதில்லை. அது மூடிய சுற்று. பாய்லரில் சூடாகி, பம்ப் தள்ள, அறைகளில் உள்ள ரேடியேட்டர் என்னும் வெப்பத் தகடுகளுக்குள் ஓடி, வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பாய்லருக்கே வருகிறது. அதே தண்ணீர்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. குளிக்கும் நீருக்குத் தனித் தொட்டி. அந்தத் தொட்டிக்குள் சுருள் குழாய் ஒன்று இருக்கும். பாய்லர் தண்ணீர் அந்தச் சுருளுக்குள் ஓடி, வெளியே நிற்கும் குளியல் நீரைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும். இரண்டும் கலப்பதே இல்லை.

இந்தச் சுற்று மூன்றாகப் பிரிகிறது: மாடி ரேடியேட்டர்கள், கீழ்த்தள ரேடியேட்டர்கள், வெந்நீர்த் தொட்டி. மூன்று கிளையிலும் ஆளுக்கொரு மோட்டார் வால்வு. மாடித் தெர்மோஸ்டாட் 'குளிர்கிறது' என்று சொன்னால் மாடி வால்வின் மோட்டார் திரும்பும். முழுவதும் திறந்த பிறகுதான் வால்வுக்குள் இருக்கும் சிறிய சுவிட்ச் ஒன்று அழுத்தப்படும். அந்தச் சுவிட்ச்தான் பாய்லரையும் பம்பையும் எழுப்புகிறது. மூன்று வால்வும் மூடியிருந்தால் பாய்லருக்கு அழைப்பே போகாது. இந்த ஏற்பாடு இல்லாத பழைய வீடுகளில் யாருக்கும் சூடு தேவைப்படாத நேரத்திலும் பாய்லர் எரிந்து எரிந்து அணையும். கேட்பவர் இல்லாவிட்டால் எரியாதே என்பதுதான் மண்டலப் பிரிப்பின் உயிர். இங்கிலாந்தின் கட்டட விதிகள் 150 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய வீடுகளில் குறைந்தது இரண்டு வெப்ப மண்டலங்களை எதிர்பார்க்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நேரம், தனி வெப்பநிலை.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். மாடியிலிருந்து இறங்கும் வெந்நீர் சுற்றி வருவதில்லை. குழாய் வழியே வெளியேறிச் சாக்கடைக்குப் போகிறது. அதைத் திறக்கவும் மூடவும் ஏற்கெனவே ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு வால்வு இருக்கிறது, குழாய்த் திருகு. அதற்கு முன்னால் ஒரு மோட்டார் வால்வை வைத்தால் வெப்பம் மிச்சமாகாது. நேரக் கட்டுப்பாடுதான் மிஞ்சும். வாடகைக்கு இருப்பவர் 6 மணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கும்போது வால்வு மூடினால் உங்கள் சச்சரவு இரட்டிப்பாகும். சோலார் எல்லாருக்கும் பொதுவாகவே இருக்கட்டும். பிரிக்க வேண்டியது மின்சாரத்தை.

திருப்பாதிரிப்புலியூர் குழாய்ப்பணி

மாறன் அண்ணன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். குழாய் வேலை செய்கிறவன் என்ற முறையில் இன்னொன்று. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். மோட்டார் வால்வில் உள்ள உருண்டை நாளடைவில் உப்புப் படிந்து இறுகிவிடும். லண்டனில் மூடிய சுற்றில் அதே தண்ணீர் ஓடுவதால், துருத் தடுப்பு மருந்து ஊற்றிக் காப்பாற்றலாம். இங்கே ஒவ்வொரு நாளும் புதுத் தண்ணீர், புது உப்பு.

அக்கா, உங்களிடம் மூன்று கீசர் இருக்கின்றனவே, அவற்றைத் திரும்பக் கோர்த்துவிடுங்கள். தனியாக அல்ல, தொடராக. சோலார் தொட்டியிலிருந்து வரும் வெந்நீர்க் குழாயை கீசரின் நுழைவாயிலில் கொடுக்க வேண்டும். கீசரின் வெளிவாயில் உங்கள் மிக்சருக்கு, அதாவது வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குளியலறைக் குழாய்க்கு, போக வேண்டும். வெயில் நாளில் 60 டிகிரித் தண்ணீர் உள்ளே வந்தால் கீசரின் தெர்மோஸ்டாட் பேசாமல் இருக்கும். மழை நாளில் 30 டிகிரியில் வந்தால் அது வேலை செய்யும், அந்தத் தளத்துக்கு மட்டும், அந்தத் தளத்து மீட்டரில்.

லாஸ்பேட்டை கயல்

தளத்துக்கு ஒரு மீட்டர் ஏற்கெனவே இருக்கிறது. பொது மீட்டரில் மோட்டார், படிக்கட்டு விளக்கு, இந்த எலிமென்ட் ஆகியவை மட்டுமே. ஆனால் அப்பா குளியலறையில் வெந்நீருக்காகக் காத்திருப்பது குறையுமா? 15 லிட்டர் ஒருவருக்குப் போதுமா?

திருப்பாதிரிப்புலியூர் குழாய்ப்பணி

குறையும். முக்கால் அங்குல சி.பி.வி.சி. குழாய் (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ கால் லிட்டர் பிடிக்கும். மொட்டை மாடியிலிருந்து தரைத்தளக் குளியலறைக்கு இறக்கமும் வளைவுமாக 16 மீட்டர் இருந்தால் 4 லிட்டர் குழாயிலேயே ஆறிக் கிடக்கும். ஒரு அங்குலக் குழாய் போட்டிருந்தால் ஆறரை லிட்டர் வரை போகும். இப்போது அதைத்தான் கொட்டுகிறீர்கள். கீசர் தொடரில் இருந்தால், திறந்தவுடன் வருவது கீசருக்குள் ஏற்கெனவே சூடாக நிற்கும் தண்ணீர். குழாயில் ஆறிய 4 லிட்டர் கீசருக்குள் நுழைந்து அங்கே கலக்கும். அதற்குப் பின்னால் சோலார் வெந்நீர் வந்துவிடும். ஒரு சொட்டும் வீணில்லை.

ஓ.டி. மாறன்

போதுமா என்ற கேள்விக்குக் கணக்கு இது. 27 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரை 55 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ அரை யூனிட் செலவாகும். 2 கிலோவாட் கீசருக்குக் கால் மணி நேரம். அந்த 15 லிட்டர் 55 டிகிரி நீரோடு பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரியில் குளித்தால் 32 லிட்டர் கிடைக்கும். முதியவர் ஒருவர் வாளியில் மொண்டு குளிக்க அது தாராளம்.

இப்போது மாடித் தொட்டி எலிமென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குளிப்பதற்காகச் சுவிட்சைப் போட்டாலும் அது 300 லிட்டர் முழுவதையும் சூடாக்கப் பார்க்கும். 27-லிருந்து 50 டிகிரிக்கே 8 யூனிட். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அரை யூனிட் வேலைக்கு 8 யூனிட். உங்கள் கட்டணம் ஏன் ஏறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சேதமும் உண்டு. இரவு முழுவதும் எலிமென்ட் ஓடித் தொட்டி சூடாக இருந்தால், காலையில் மேகம் விலகி வெயில் அடித்தாலும் சோலாருக்கு வேலை இல்லை. இலவசமாக வந்ததை வாங்கிக்கொள்ள இடமில்லாமல் போய்விடுகிறது.

வைசியாள் வீதி பெரியவர்

பிரான்சில் பணிபுரிந்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் திரும்பியவன் நான். இந்த உரையாடலை மகிழ்ச்சியோடு படித்தேன். அங்கே பாய்லர் இல்லாமல் மின்சார ரேடியேட்டர் மட்டுமே உள்ள வீடுகள் ஏராளம். அவற்றில் மண்டலம் பிரிப்பதற்கு வால்வே கிடையாது. ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் மின்சாரக் கம்பிகளோடு மெல்லிய கறுப்புக் கம்பி ஒன்று போகும். நடுவிலிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி அதன் வழியே கட்டளை அனுப்பும். முழுச் சூடு, அதிலிருந்து 1 டிகிரி குறைவு, 2 டிகிரி குறைவு, மூன்றரை டிகிரி குறைந்த சிக்கனநிலை, உறைபனித் தடுப்பு, நிறுத்தம் என்று ஆறு கட்டளைகள். படுக்கையறைகள் ஒரு குழு, கூடம் ஒரு குழு. ஆக, அங்கேயும் பிரிக்கப்படுவது மின்சாரம்தான். மாறன் தம்பி சொன்னது சரி.

வெந்நீர்த் தொட்டிக்கோ இரவு மலிவு நேர மின்சாரம். நாளில் 8 மணி நேரம் கட்டணம் குறையும்போது மின்வாரியத்தின் சைகை கேட்டு, பெரிய மின்சுமையைத் தாங்கும் கான்டாக்டர் என்ற தானியங்கிச் சுவிட்ச் தொட்டியை இயக்கும். உங்கள் மீட்டரில் அந்த மலிவு நேரக் கணக்கு இல்லை என்றால் இரவில் சூடாக்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

கயல், உங்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு விதிப்படி குளியலறைக் குழாயில் வரும் நீர் 50 டிகிரியைத் தாண்டக் கூடாது. 60 டிகிரி நீர் தோலைச் சில நொடிகளில் வேகவைத்துவிடும். 50 டிகிரியில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். வயதானவருக்குச் சட்டென்று கையை இழுத்துக்கொள்ள முடியாது. சித்திரை வெயிலில் கண்ணாடிக் குழாய் சோலார் 70 டிகிரியை எளிதில் தாண்டும். அப்பாவின் குளியலறையில், வெந்நீரோடு பச்சைத் தண்ணீரைத் தானாகக் கலந்து சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் வெப்பநிலை கலக்கும் வால்வு கட்டாயம் வேண்டும். மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர் குழாய்ப்பணி

ஐயா சொல்வது உண்மை. அந்த வால்வை கீசரின் வெளிவாயிலில், மிக்சருக்கு முன்னால் வைக்க வேண்டும். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் வந்தால்தான் அது சீராகக் கலக்கும். பச்சைத் தண்ணீர் வழியில் மட்டும் பிரஷர் பம்ப் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். தரைத்தளத்தில் 9, 10 மீட்டர் உயர அழுத்தம் கிடைப்பதால் அது நன்றாக வேலை செய்யும். இரண்டாம் மாடியில் தொட்டிக்கும் குழாய்க்கும் மூன்று, நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்காது. அங்கே குறைந்த அழுத்தத்துக்கு ஏற்ற வால்வு என்று கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் போலத்தான் தண்ணீர் வரும்.

கீசரின் நுழைவாயிலில் உள்ள சேஃப்டி வால்வை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். சூடாகும்போது தண்ணீர் விரியும், அதற்குப் போக்கிடம் அதுதான். பழைய கீசர்கள் சும்மா தொங்கியிருந்தால் ஆனோடு கம்பியை (துருவைத் தான் வாங்கிக்கொண்டு தொட்டியைக் காப்பது) கழற்றிப் பாருங்கள். கரைந்திருந்தால் மாற்றிவிட்டு இணையுங்கள். எலிமென்ட்டில் சுண்ணாம்பு தடித்திருந்தால் அதையும் நீக்க வேண்டும்.

ஒயிட் டவுன் விடுதி

நாங்கள் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறோம். விருந்தினர் வெந்நீருக்குக் காத்திருக்கக் கூடாது என்பதற்காகச் சுழற்சிக் குழாய் போட்டிருக்கிறோம். வெந்நீர்க் குழாய் எல்லா அறைகளையும் சுற்றித் தொட்டிக்கே திரும்புகிறது. சிறிய பம்ப் ஒன்று டைமரில் ஓடுகிறது. சூடாக்குவது ஹீட் பம்ப். காற்றிலிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் எலிமென்ட்டைப்போல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும். நம் ஊர்க் காற்று மார்கழியிலும் 20 டிகிரிக்கு மேல் இருப்பதால் அதற்கு நல்ல இடம் இது. கயல் அவர்களும் யோசிக்கலாம்.

ஓ.டி. மாறன்

விடுதிக்கு அது சரியான ஏற்பாடு. வீட்டில் மூன்று குளியலறைக்கு வேண்டாம் என்பேன். சோலார் தொட்டியில் சூடான நீர் மேலேயும் ஆறிய நீர் கீழேயும் அடுக்காக நிற்கும். கீழே நிற்கும் ஆறிய நீர் கண்ணாடிக் குழாய்க்குள் இறங்கிச் சூடாகி மேலே ஏறுவதால்தான் அது பம்ப் இல்லாமல் இயங்குகிறது. சுழற்சிப் பம்ப் வைத்தால் அந்த அடுக்கு கலங்கி, மொத்தத் தொட்டியும் வெதுவெதுப்பாகிவிடும். குழாய் முழுவதும் எந்நேரமும் சூடாக இருப்பதால் வெப்ப இழப்பும் கூடும். சோலார் பழுதாகி மாற்ற வேண்டிய நாள் வரும்போது ஹீட் பம்பை அவசியம் எண்ணிப் பாருங்கள்.

வில்லியனூர் மின்பணி

மாறன் அவர்களின் கணக்கைப் பார்த்த பிறகு மோட்டார் வால்வு யோசனையை நான் வலியுறுத்தவில்லை. ஆனால் மாடி எலிமென்ட்டை அப்படியே கைச்சுவிட்சில் விடக் கூடாது. விருந்தினர் கூடும் நாளில், பண்டிகை நாளில் அது தேவைப்படும். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். அதைச் சாதாரண டைமர் பிளக்கில் மாட்டினால் ஈரத்தில் முனை கருகும். டைமர் ஒரு கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் எலிமென்ட்டை இயக்கட்டும். டைமரும் தொட்டித் தெர்மோஸ்டாட்டும் இரண்டும் சம்மதித்தால்தான் மின்சாரம் போக வேண்டும். விடியற்காலை நான்கரையிலிருந்து 6 வரை, அதற்கு மேல் தானாக நிற்கட்டும். ஒன்றரை மணி நேரத்தில் நாலரை யூனிட்டுக்கு மேல் போகவே முடியாது.

சுமை மிஞ்சினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., 4 சதுர மில்லிமீட்டர் கம்பி, நல்ல எர்த். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். எத்தனையோ வீடுகளில் எர்த் கம்பி பெட்டி வரை வந்து எங்கேயும் சேராமல் நிற்பதைப் பார்த்து வருந்துகிறேன்.

பெட்டியைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. தாழ்வாகப் பொருத்திய எதுவும் தப்பாது. முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பம் பாதுகாப்பான இடம். மொட்டை மாடியில் வைத்தால் உப்புக் காற்று இரும்புத் திருகுகளைத் தின்றுவிடும்.

திருப்பாதிரிப்புலியூர் குழாய்ப்பணி

காற்று என்றதும் 2011 டிசம்பர் 30 நினைவுக்கு வருகிறது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய நாள். எங்கள் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்தன. மாடியில் வெறுமனே நிறுத்தி வைத்திருந்த எதுவும் நிற்கவில்லை. அக்கா, இந்த வேலையோடு சேர்த்து சோலார் தாங்கியின் கால்களையும் பாருங்கள். கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். செங்கல் வைத்து நிறுத்தியிருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

லாஸ்பேட்டை கயல்

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் கலந்து பேசினோம். மாடியில் குடியிருப்பவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். சோலார் பொது, அதற்குக் கட்டணம் இல்லை. வெயில் இல்லாத நாளில் அவரவர் கீசர், அவரவர் மீட்டர் என்றதும் உடனே சம்மதித்துவிட்டார்கள். பொது எலிமென்ட் எங்கள் பொறுப்பில், பூட்டிய பெட்டிக்குள் டைமரோடு இருக்கும். முதலில் தரைத்தள கீசரும் கலக்கும் வால்வும், பிறகு மற்ற இரண்டும். இறங்கு குழாய்க்கு நைட்ரில் ரப்பர் உறையும் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். சில நாள் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் வெதுவெதுப்பாக வருகிறது, முதல் மாடியில் மட்டும். இதற்கும் சோலாருக்கும் தொடர்பு உண்டா?

திருப்பாதிரிப்புலியூர் குழாய்ப்பணி

உண்டு அக்கா. உங்கள் மிக்சரின் இரண்டு திருகையும் திறந்துவிட்டு, கைஷவரின் முனையில் மட்டும் மூடி வைக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படிச் செய்தால் மிக்சருக்குள்ளேயே இரண்டு வழியும் இணைந்துவிடும். அழுத்தம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தண்ணீர் ஓசையில்லாமல் கடக்கும். சில வேளை வெந்நீர் பச்சைக் குழாய்க்குள் போகும், சில வேளை பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் நுழைந்து வீட்டின் வெந்நீரையே ஆற்றிவிடும். தொட்டி வெதுவெதுப்பாகிறது என்றீர்களே, வாடகைக்கு இருப்பவர் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

குளித்ததும் இரண்டு திருகையும் மூடுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் மிக்சருக்குப் போகும் இரண்டு வழியிலும், தண்ணீரை ஒரு பக்கமாக மட்டுமே விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போட வேண்டும். ஸ்பிரிங் வகை அழுத்தத்தைத் தின்னும், மேல்மாடிக்கு ஆகாது. கதவு போல் ஆடும் வகை போதும், ஆனால் அதை இறங்கு குழாயில் வைக்கக் கூடாது. தண்ணீர் கீழ்நோக்கி ஓடும் இடத்தில் அந்தக் கதவு தானாக மூடாது. படுக்கையாகப் போகும் துண்டில் வைக்கச் சொல்லுங்கள்.

உறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நைட்ரில் உறை வெயிலில் வெடித்து உதிரும். மொட்டை மாடியில் வெளியே தெரியும் பகுதிக்கு மேலே அலுமினியத் தகடோ அலுமினிய நாடாவோ சுற்றச் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை கயல்

பார்த்துவிட்டேன். முதல் மாடியில் கைஷவரை முனையில்தான் மூடி வைத்திருந்தார்கள், இரண்டு திருகும் திறந்தே இருந்தன. பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். குழாய் வேலைக்கு வருபவரிடம் படுக்கைத் துண்டில் வால்வு வைப்பதையும் குறித்துக் கொடுத்துவிட்டேன்.